டீச்சரம்மா அளந்த சக்கரம்

மனோன்மணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் காரின் பின்சக்கரத்துக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் தையல் டேப். ஒரு நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, டேப்பைச் சக்கரத்தின் குறுக்கே இழுத்து, மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, சக்கரத்துக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்றேன்.

"ஆமாங்க. கை வெச்சுத் தைக்கறதா, கை இல்லாம தைக்கறதான்னு யோசிச்சிட்டு இருக்கறன். லைப்ரரிக்குப் போறதுன்னா போங்க, வெயில் ஏறுது" என்றாள்.

போனேன். திரும்பி வந்தபோது கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் இருந்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. டாக்டர் வந்து, இதயம் என்றார். அவ்வளவுதான்.

உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. நீங்கள் இந்தப் புங்கமரத்தடிக்கு வரும்போது அந்தக் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள். அதனால்தான் சொல்கிறேன். உட்காருங்கள் அம்மா. எட்டுப் போட வந்திருக்கிறீர்களா? முதல் தடவையா? பயப்படாதீர்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் இன்னும் சாப்பாட்டிலிருந்து வரவில்லை. வந்ததும் முதலில் எங்கள் வண்டி, பிறகுதான் லைசென்ஸ் ஆட்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த மோர் நிற ஃபியட்தான் எங்கள் வண்டி. டிக்கியில் சாய்ந்துகொண்டு வெற்றிலை மெல்லுகிறாரே, அவர் கிட்டுச்சாமி, மெக்கானிக். டிக்கியில் சாயாதே என்று காலையிலிருந்து சொல்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறார். அவர் சாய்ந்து நின்றால் பார்க்கிறவன் கண் டிக்கிக்குத்தானே போகும்? இன்றைக்கு டிக்கிக்கு யார் கண்ணும் போகக் கூடாது. டிக்கியைத் திறந்தால் எங்கள் காரியம் கெட்டது.

ஒரு நிமிஷம் இருங்கள், அவரிடம் மறுபடி சொல்லிவிட்டு வருகிறேன்.

சொல்லிவிட்டேன். "நீங்க இங்கயும் அங்கயும் நடக்கறதப் பாத்தாத்தானுங்க சந்தேகம் வரும், போய் உக்காருங்க" என்கிறார். ஆள் அப்படித்தான். வேலையில் சுத்தம், வாயில் சுத்தம் கிடையாது.

விஷயம் இதுதான். பழைய வண்டிகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இங்கே கொண்டுவந்து காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். மனோன்மணி போன பிறகு வண்டி அசையவில்லை. ஓட்டினவள் அவள். எனக்குச் சின்ன வயதில் கில்லி பட்டு ஒரு கண்ணில் பார்வை இல்லை, லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஏற்பாடே அப்படி. அவள் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவாள், நான் இடப்பக்கம் உட்கார்ந்து வழி பார்ப்பேன். 'லெஃப்ட்ல சைக்கிள்', 'முன்னாடி பள்ளம்', 'ஹாரன் அடி', 'இப்ப திரும்பு'. முப்பது வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டினாள் என்றால் பாதி ஓட்டினது நான்தான். அவளே மறுக்க மாட்டாள்.

அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நான் வெல்ல மண்டியில் கணக்கு எழுதினவன். பத்தாவதோடு நின்றேன். மற்றதெல்லாம் லைப்ரரியில் படித்துக் கற்றுக்கொண்டதுதான்.

போன மாதம் வண்டியைக் கொண்டுவந்தோம். இதே இன்ஸ்பெக்டர் பேனா மூடியை டயரில் அழுத்தினார். மூடி உள்ளே போய்விட்டது. ஒன்றரை வருஷம் ஒரே இடத்தில் நின்ற டயர், பித்தவெடிப்பு மாதிரி வெடித்திருந்தது. சக்கரமும் துருப்பிடித்து, ஓரம் தட்டினால் உதிர்ந்தது. "வீலும் டயரும் மாத்தாம இந்த வண்டியோட உள்ள வராதீங்க. தேதி தாண்டுனா அப்புறம் உடைக்கத்தான் போடணும்" என்றார். இன்றைக்குத்தான் அந்தத் தேதி.

பெங்களூரிலிருந்து என் மகள் பூங்கொடி போன் போட்டாள். "அப்பா, ஒரு ஆள் வந்து எடுத்துக்கறேங்கறாங்க. குடுத்துருங்கப்பா. யாரு ஓட்டப் போறாங்க?" என்றாள்.

"வண்டி நிக்கட்டும்" என்றேன்.

"நின்னு என்னப்பா பண்ணப் போகுது?"

கடைசியில் பேசி முடித்தோம். இங்கே பாஸானால் வண்டி என்னோடு. பாஸாகாவிட்டால் அவள் சொல்கிற ஆள் நாளைக் காலையில் லாரியோடு வந்துவிடுவான்.

அதனால் டயர் தேட ஆரம்பித்தேன். லைப்ரரியில் உட்கார்ந்து படித்தேன். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற நம்பர் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் உண்டு, தெரியுமா? அது எந்த வருஷம், எந்த வாரம் செய்தது என்பதுகூட எழுதியிருக்கிறது. ஒரு கடைக்காரன் புது டயர் என்று எடுத்துப் போட்டான். குனிந்து படித்துவிட்டு, "தம்பி, இது உன் கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்சது" என்றேன். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க" என்றான். "அப்ப இன்னும் மோசம்" என்றேன்.

எனக்கு வேண்டியது பழைய டயர். பழையது என்றால் ஓடினது இல்லை, பழைய மாதிரி. ஐந்து புள்ளி இருபது, பதினாலு. வண்டி வந்த நாளிலிருந்து அதுதான் ஓடியது. ஒல்லியாக, உயரமாக, உள்ளே டியூப் வைத்தது. கிட்டுச்சாமி இந்தக் காலத்து ரேடியல் டயர் போடலாம் என்றார். பளபளவென்று அலாய் வீல் போடலாம் என்றார். நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? மனோன்மணிக்கு ஆடம்பரம் பிடிக்காது. புடவைகூடக் கரை சின்னதாகத்தான் எடுப்பாள். அவளை எனக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? அவள் எப்படி வைத்திருந்தாளோ அப்படியே இருக்க வேண்டும் என்றேன். "அய்யா, அந்த டயரச் செஞ்சவங்களே அத மறந்திருப்பாங்க" என்றார் கிட்டுச்சாமி.

பொள்ளாச்சியில் இல்லை, உடுமலையில் இல்லை. தாராபுரத்தில் ஒன்று இருக்கிறது என்றார்கள், போய்ப் பார்த்தால் மாட்டுவண்டி டயர். வீட்டில் உட்கார முடியவில்லை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வெறுங்கையோடு வருவேன். கடைசியில் யாரோ, உக்கடத்தில் தாஜுதீன் பாய் கடையில் கேளுங்கள், பழைய கார் சாமான் எதுவானாலும் அவரிடம் இருக்கும் என்றார்கள்.

போனேன். கடை முழுக்கச் சக்கரம். தரையில் அடுக்கு, சுவரில் மாட்டல். பாய் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வண்டி பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், சைஸைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"பொள்ளாச்சி. மோர் கலர் ஃபியட். நீங்க டீச்சரம்மா வீட்டுக்காரருங்களா?" என்றார்.

"எந்த டீச்சரம்மா?"

"தையல் டீச்சரம்மா. பஸ்ல வருவாங்க. மூணு நாலு தடவ வந்திருக்காங்களே."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாய், எங்க வீட்டில் கார் இருக்கிறது. அவள் எதற்குப் பஸ்ஸில் வரப் போகிறாள்? கோயமுத்தூருக்குத் தனியாக வந்தால் டவுன்ஹால் பக்கம் பட்டனும் நூலும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள்" என்றேன்.

"வேற யாரு சார்? அவங்க வீட்டுக்காரரு எடதுபக்கம் உக்காந்து ஊரு வர்ற வரைக்கும் லெஃப்ட்டு ரைட்டுன்னு சொல்லிட்டே வருவாருன்னு சொல்லுவாங்க. 'காது வலிக்குது பாய்'ம்பாங்க" என்றார்.

பார்த்தீர்களா? கடைக்காரரிடம்கூட என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அதிலிருந்து அவள்தான் என்று பாதி நம்பினேன்.

"டீச்சரம்மா சௌக்கியங்களா? போன் போட்டுப் போட்டுப் பாத்தேன், எடுக்கவே இல்ல" என்றார் பாய்.

சொன்னேன். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு, "வாங்க சார்" என்று கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

பின்னால் ஒரு ரேக்கின் அடித்தட்டில் நாலு சக்கரம் வரிசையாகப் படுத்திருந்தன. நாலுக்கும் துணி உறை. ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த உறை, வாய் சுருங்கி இறுக்கமாக. நீலத் துணியில் மஞ்சள் பூ.

அது எங்கள் கூடத்து ஜன்னல் திரை அம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைக் காணோம் என்று நான் கேட்டபோது, 'வெளுக்கப் போட்டன், அவன் தொலைச்சுப் போட்டான்' என்றாள். நான் சலவைக்காரரோடு தெருவில் நின்று சண்டை போட்டேன். பாவம், அந்த ஆள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறார். மனோன்மணி அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'போதும் விடுங்க, பழைய துணிதான' என்றாள்.

பாய் ஒரு உறையை உரித்தார். உள்ளே அலாய் வீல். வெள்ளியில் செய்த மாதிரி பளபளவென்று, பூ இதழ் மாதிரி எட்டு ஆரக்கால். மேலே அகலமான ரேடியல் டயர், புதுசு.

"இது அவள் எடுத்ததா?"

"கடையில இருக்கிற அத்தனையும் பாத்துட்டு இதத்தான் எடுத்தாங்க. நான்கூடச் சொன்னேன், 'அம்மா, வண்டி பழசு, இது அதுக்கு மாப்ள ஷூ போட்ட மாதிரி இருக்கும்'னு. 'இருக்கட்டும் பாய். முப்பது வருஷமா ஓட்டறன். ரோட்ல போறவங்க ஒருத்தராச்சும் ஒரு நாளாச்சும் திரும்பிப் பாக்கட்டும்'னாங்க. 'சார்கிட்ட சொல்லலியா'ன்னு கேட்டேன். 'சொன்னா ஒரு மாசம் பேசுவாரு. மாட்டீட்டுத்தான் காட்டோணும்'னாங்க."

ஒரு மாதம் பேசுவேனாம். நான்!

கொஞ்சம் இருங்கள். யாரோ ஜீப்பில் வந்த மாதிரி இருந்தது. இல்லை, வேறு ஆள். அந்தக் கிட்டுச்சாமி மறுபடியும் டிக்கியில்.

எங்கே விட்டேன்? உறை. ஆமாம். பாய் இன்னொன்றும் சொன்னார். இதே மாதிரி அலாய் அவரிடம் இரண்டு செட் இருந்ததாம். ஒன்று பதினாலு அங்குலம், ஒன்று பதினைந்து. எங்கள் பழைய டயரில் நம்பர் தேய்ந்துபோனதால் எந்த அளவு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஃபியட் என்றால் பதினாலாகத்தான் இருக்கும் என்று பாய் சொல்லியிருக்கிறார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. 'உத்தேசமா துணி வெட்ட மாட்டன் பாய். அளந்து சொல்றன்' என்றிருக்கிறாள். அளந்ததும் போனில் சொன்னாளாம். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

"'பதினஞ்சு, பாய். ரெண்டு தடவ அளந்துட்டன், பதினஞ்சு'ன்னாங்க. சரின்னு பதினஞ்சுக்கு டயர ஏத்தி, காத்தடிச்சு, அவங்க குடுத்த உறையப் போட்டு வெச்சேன். பதினாலு செட்ட ஈரோட்டுக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் டீச்சரம்மாவக் காணோம்" என்றார் பாய்.

அவள் கடைசியாகப் பேசின பேச்சு அதுதான் போலிருக்கிறது. பதினஞ்சு, பாய்.

ஃபியட்டுக்குப் பதினாலுதான் அம்மா. சக்கரத்தை அளக்கிறபோது டயர் உட்காருகிற இடத்தை அளக்க வேண்டும். வெளியே தெரிகிற விளிம்பு அதைவிட ஒரு அங்குலம் பெரிதாக இருக்கும். டயர்க்காரர்களுக்கு அது தெரியும். தையல்காரி துணியை ஓரத்திலிருந்து ஓரத்துக்குத்தானே அளப்பாள்? வீட்டுக்கு வந்து அந்தப் பலகையைப் போட்டு, அதே பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அதே டேப்பால் அளந்து பார்த்தேன். பதினைந்துதான் வந்தது. மறுபடி அளந்தேன். பதினைந்துதான். அவள் அளந்ததில் தப்பில்லை.

நாலு சக்கரத்தையும் வேன் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கிட்டுச்சாமி பார்த்தார்.

"இதென்னுங்க? நேத்து வரைக்கும் அந்தக் கால டயர்தான் வேணும்னீங்க. அலாய்னு சொன்ன வாயிலயே அடிக்க வந்தீங்க."

"மாட்டு" என்றேன்.

"பதினஞ்சுங்க."

"மாட்டிப் பாரேன்."

பின்னால் இரண்டும் ஏறின. உரசாமல் இருக்க ஒரு நூல் இடம் இருந்தது. முன்னால் மாட்டி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் தகரத்தில் போய்க் கரகரவென்று தேய்த்தது. தெரு நாய் எழுந்து ஓடியது. தகரத்தை உள்ளே தட்டிவிடலாமே என்றேன். "தட்டலாம். அப்புறம் அது டீச்சரம்மா வண்டியா இருக்காது" என்றார். முழுக்க ஒடிக்காமல் ஓட்டினால் என்ன என்றேன். "பிரேக் இன்ஸ்பெக்டர் எட்டுப் போடச் சொன்னா? எட்ட நேராப் போடறதா?" என்றார். அவரிடம் அன்று முழுக்கப் பேசினேன். டயரில் காற்றைக் குறைத்தால், ஸ்பிரிங்குக்குக் கீழே கட்டை வைத்தால், என்று என்னென்னவோ. எனக்குப் படித்த அறிவு இருக்கிறது. அவர் ஜாக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, "நான் போறனுங்க, நீங்க பேசிட்டு இருங்க" என்று போய்விட்டார்.

ஈரோட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பாயிடம் நம்பர் வாங்கி. என் பதினைந்தை எடுத்துக்கொண்டு உங்கள் பதினாலைக் கொடுங்கள் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அந்த மனிதர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். முக்கால் மணி நேரம் கேட்டார். பிறகு, "மன்னிக்கணுங்க. எம்பட வண்டிக்கு அது அப்பிடி எடுப்பா இருக்குதுங்க. சிக்னல்ல நின்னாப் போதும், பைக்ல போறவன், பஸ்ல போறவன் அத்தன பேரும் திரும்பிப் பாத்துட்டுத்தான் போறாங்க. எப்படிங்க குடுக்கறது?" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

நாள் நெருங்கிவிட்டது. பாயே நாலு இரும்புச் சக்கரம் தேடிப் பிடித்துக் கொடுத்தார், பதினாலு. கிட்டுச்சாமி சொன்ன ரேடியலைப் போட்டேன். சக்கரத்துக்கு வெள்ளிப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். கிட்டுச்சாமி, "கறுப்புதானுங்க அழுக்குத் தெரியாது" என்றார். "வெள்ளி அடி" என்றேன். இரண்டு தடவை அடித்தார். அதைத்தான் நீங்கள் வரும்போது திரும்பிப் பார்த்தீர்கள்.

திரும்பித்தானே பார்த்தீர்கள்? வேறு எதையும் பார்க்கவில்லையே?

சரி.

மிச்சம் டிக்கி. ஸ்டெப்னி என்று ஐந்தாவது சக்கரம் ஒன்று இருக்க வேண்டும். சில சமயம் திறந்து காட்டச் சொல்வார்களாம். பழைய ஸ்டெப்னியும் துருதான். பாய் ஐந்தாவதையும் பதினாலிலேயே தருகிறேன் என்றார். கிட்டுச்சாமியும் வாங்கிவிடுங்கள் என்றார். நான் வாங்கவில்லை. அவள் எடுத்ததில் ஒன்றை உறையோடு தூக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

"அய்யா, ஸ்டெப்னிங்கறது அவசரத்துக்கு மாட்டறதுக்குங்க" என்றார் கிட்டுச்சாமி.

"பின்னால் மாட்டலாம். பின்சக்கரம் திரும்பாது."

"ஒருபக்கம் பெருசு ஒருபக்கம் சிறுசு மாட்டி ஓட்டுனா உள்ள கியரு தேஞ்சு போயிருமுங்க."

"பஞ்சர் கடை வரைக்கும்தானே?"

"முன்னாடி பஞ்சரானா?"

"பின்னால் இருப்பதைக் கழற்றி முன்னால் மாட்டி, இதைப் பின்னால் மாட்டுவது."

அவர் என்னையே பார்த்தார். "இன்ஸ்பெக்டர்கிட்ட இத நீங்களே சொல்லுங்க. நான் அந்தப்பக்கம் போயி வெத்தல போட்டுக்கறன்" என்றார்.

சொல்லத்தான் போகிறேன். எல்லாம் மனசுக்குள் வரிசையாக வைத்திருக்கிறேன். பின்சக்கரம் திரும்பாது, ஆபத்துக்குத்தான், ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மாட்டோம், விதியில் எங்கே எழுதியிருக்கிறது என்று. பாஸாகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கிட்டுச்சாமி ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆழியாறு வரை போய்விட்டு வருவது என்று பேச்சு. 'நீங்க லெஃப்ட்டு ரைட்டு சொல்லாம வர்றதா இருந்தா நான் வர்றன்' என்று நிபந்தனை போட்டிருக்கிறார். பார்க்கலாம்.

அதோ. ஜீப். அவர்தான். இறங்கிவிட்டார். நான் போகிறேன் அம்மா. உங்கள் எட்டை நிதானமாகப் போடுங்கள். கையை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் யாராவது ஏதாவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

*

முடிந்ததா? பாஸா? பார்த்தேன், இங்கிருந்தே பார்த்தேன். கடைசி வளைவில் கொஞ்சம் தடுமாறினீர்கள், ஆனால் நிறுத்தவில்லை. மனோன்மணி முதல் தடவை கம்பத்தில் இடித்துவிட்டாள்.

எங்களுடையதா? சொல்கிறேன்.

சுற்றி வந்தார். ஹாரன், லைட், எல்லாம் பார்த்தார். டயரைக் குனிந்து பார்த்து, பேனா மூடியால் அழுத்தினார். மூடி உள்ளே போகவில்லை. கிட்டுச்சாமியை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஒரு சுற்று, முழுக்க ஒடித்து இன்னொரு சுற்று. ஒரு சத்தம் இல்லை. ஃபாரத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, "டிக்கியத் திற" என்றார்.

கிட்டுச்சாமி என்னைப் பார்த்தார். நான் போய்த் திறந்தேன்.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, சக்கரத்துக்குச் சட்டை?"

"டீச்சரம்மா தெச்சதுங்க சார்" என்றார் கிட்டுச்சாமி.

இன்ஸ்பெக்டர் எலாஸ்டிக்கில் விரலை விட்டு ஒரு பக்கம் இழுத்தார். அலாய் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்தார். நிமிர்ந்து கீழே இருக்கிற வெள்ளிப் பெயின்ட் சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். தினம் சக்கரமும் வண்டியுமாக இருக்கிற ஆள், அவருக்கு டேப் எதற்கு?

"இது இந்த வண்டிக்கு ஏறாதே" என்றார்.

நான் சொல்வதற்கு எல்லாம் வைத்திருந்தேன் அம்மா. பின்சக்கரம் திரும்பாது என்பதிலிருந்து விதி வரைக்கும். வாய் திறந்தால் ஒரு மாதம் பேசலாம்.

"ஏறாதுங்க" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது.

அவர் எலாஸ்டிக்கை விட்டார், அது போய் ஒட்டிக்கொண்டது. உறையின் மேலேயே டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "காத்து மட்டும் நல்லா இருக்கு. வண்டிய யாரு ஓட்டறது?" என்றார்.

"அவங்கதானுங்க ஓட்டுனாங்க" என்றேன்.

"இப்ப?"

"நாந்தானுங்க சார். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம" என்றார் கிட்டுச்சாமி.

"ஒழுங்கா ஒரு ஸ்டெப்னி வாங்கிப் போட்டுட்டு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டு, ஃபாரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் பக்கம் வந்துவிட்டார்.

வாங்க வேண்டும். பாயிடம் சொன்னால் பதினாலில் ஒன்று எடுத்து வைப்பார். டிக்கியில் இரண்டு சக்கரத்துக்கு இடமில்லை என்று கிட்டுச்சாமி இப்போதே ஆரம்பித்துவிட்டார். "எது உள்ள, எது வெளியன்னு வீட்டுக்குப் போறதுக்குள்ள முடிவு பண்ணுங்க" என்கிறார். முடிவு பண்ண என்ன இருக்கிறது? வண்டி ஓட வேண்டும் என்றால் ஓடுகிற சக்கரம்தான் உள்ளே இருக்க வேண்டும்.

கிளம்புகிறேன் அம்மா. ஹாரன் அடிக்கிறார். பூங்கொடிக்குப் போன் போட வேண்டும். அந்தச் சலவைக்காரரையும் போய்ப் பார்க்க வேண்டும்.

மற்ற மூன்றும் வீட்டில்தான் இருக்கின்றன, தையல் மெஷினுக்குப் பக்கத்தில். இதையும் இறக்கி அங்கேதான் வைக்க வேண்டும். நாலும் பதினைந்து அங்குலம். எங்கள் வண்டிக்கு ஏறாது. உறை நாலும் சரியாக இருக்கின்றன. காற்று அன்றைக்கு அடித்தது, இன்னும் இறங்கவில்லை.